டிராமுக்குப் பயந்தவர்கள்

இடது கால் ஓரளவு வெளுத்துவிட்டது. வலது கால் இன்னும் பச்சையாகவே இருந்தது. சின்னராசா தேங்காய்ப் பொச்சில் சவுக்காரத்தை மறுபடி தேய்த்து விரலிடுக்குகளிலிருந்து தொடங்கினான். சுண்டுவிரல், அதற்கடுத்தது, அதற்கடுத்தது. வரிசை தவறக்கூடாது என்று நினைத்துக்கொண்டான். தவறினால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது.

அண்ணி குப்பாயி வாளியிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். அது காளியப்பனின் குதிகாலில் விழுந்து, பலகையில் வழிந்து, அறைகளுக்குப் பின்னால் ஓடிய சாக்கடைக் கானுக்குள் இளம்புல்லின் நிறத்தில் இறங்கியது.

"காதுக்குள்ள இருக்கு தம்பி."

"பாக்குறேண்ணி."

"நாந்தான் விரல விட்டுப் பூசுனேன். காது மட்டும் கறுப்பா இருந்தா சனம் சிரிக்கும்னாரு." அவள் வாளியைக் கீழே வைத்தாள். "நல்லா அழுத்தித்தான் தேச்சேன். வேர்வையில கரஞ்சிரக் கூடாதேன்னு."

காளியப்பன் அன்று விடியற்காலை ஐந்தரைக்கு இறந்துபோனார். ஐந்தரை என்பது துறைமுகச் சங்கை வைத்துச் சொன்ன கணக்கு. சங்கு ஊதியபோது அண்ணனுக்கு மூச்சு இருந்ததா, அதற்கு முன்பே நின்றுவிட்டதா என்பதில் சின்னராசாவுக்குச் சந்தேகம் இருந்தது. முந்தின நாள் மத்தியானம் வாந்தி தொடங்கியது. பிறகு பேதி. பொழுது சாய்ந்ததும் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டு இழுத்தது. மருந்துச்சாலை அப்பொத்திக்கரி தான் உட்காரும் வாங்கில் பச்சை ஒட்டிவிடும் என்று அவரை நிற்க வைத்தே பார்த்தார். வெயில், கள்ளு, கண்ட தீனி என்று சொல்லி ஒரு போத்தல் மருந்து கொடுத்தார்.

அவர் இறந்ததற்கு மறுநாள் அரசாங்க சபைத் தேர்தல். வோட்டுச் சாவடியில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி இருக்கும். எழுத்துத் தெரியாதவர்களும் நிறத்தைப் பார்த்துக் கடதாசியைப் போட்டுவிடலாம். ஆகவே பிரசாரம் என்றால் நிறத்தைக் காட்டுவதுதான். சிவப்புப் பெட்டிக்காரர்கள் ஒரு யானைக்குச் சிவப்புப் பட்டுப் போர்த்தி, கொழும்புக் கொட்டாஞ்சேனை முழுக்க நடத்திக்கொண்டு போனார்கள். பச்சைப் பெட்டிக்காரர் கோர்ட்டில் வழக்குப் பேசும் ஒரு புரொக்டர். அவருடைய தேர்தல் வேலைகளைப் பார்த்தவர் அச்சகம் வைத்திருந்த பலீல். யானை போன அன்று அவர் ஜிந்துப்பிட்டிக்கு வந்து, இந்தத் தோட்டத்துக் குழாயடியில் நின்று, "யானையெ மறக்கடிக்கிற மாதிரி ஒரு மனிசன் வேணும்" என்றார். தோட்டம் என்பது பெயர்தான். ஒரு குழாயும் இருபத்திரண்டு அறைகளும் தவிர அங்கே வேறொன்றும் முளைக்கவில்லை.

துறைமுகத்தில் கரி மூட்டை சுமக்கும் காளியப்பன் கையைத் தூக்கினார். "வருசம் பூரா கறுப்பாத்தான் இருக்கேன் மொதலாளி. பத்து நாளு பச்சையா இருந்து பாக்குறேன்."

உடம்பு முழுக்கப் பச்சை பூசிக்கொண்டு, கோவணத்தோடு ஆமர் வீதிச் சந்தியில் டிராம் தண்டவாளத்தின் நடுவே நிற்பது என்று அவரே முடிவு செய்தார். கிராண்ட்பாஸ் போகும் டிராம் மணியடித்துக்கொண்டே வரும். அவர் அசையமாட்டார். சாரதி பிரேக்கை முறுக்கி, சக்கரம் கிறீச்சிட்டு, வண்டி ஒரு முழத் தூரத்தில் நின்றதும் நெற்றியில் கைவைத்து ஒரு சலாம். "பச்சைப் பெட்டி!" என்று ஒரு கத்தல். பொலிஸ்காரன் ஓடிவருவதற்குள் சந்துக்குள் மறைந்துவிடுவார். இரண்டாம் நாளே சந்தியில் இருநூறு பேர் கூடினார்கள். யானையை யாரும் பேசவில்லை.

எல்லாரும் டிராமுக்குத்தான் பயந்தார்கள். சின்னராசாவும் பயந்தான். "அண்ணே, பிரேக் புடிக்கலைன்னா?" என்று கேட்டான்.

"புடிக்கலைன்னா ஒங்கண்ணனுக்கு இன்னும் பெரிய கூட்டம் வரும்டா."

ஆனால் முதலில் பூசிய இலைச்சாறும் கடைச் சாயமும் உடம்பில் நிற்கவில்லை. பத்து மணி வெயிலுக்கு வேர்வையில் கோடுகோடாக வழிந்தது. டிராமுக்குள் இருந்த ஒரு பெண், "ஐயோ, கானுக்குள்ள விழுந்து எந்திரிச்சு வந்திருக்கான்" என்று சொல்லிச் சிரித்தாள். அன்று அண்ணன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அவரைச் சாப்பிட வைப்பதற்காகத்தான் சின்னராசா அந்தப் பொடியைப் பற்றிச் சொன்னான்.

அவன் கொசு ஒழிப்பு டிப்போவில் வேலை செய்தான். மலேரியா வந்துபோன பிறகு ஆற்றங்கரைக் குட்டைகளுக்கெல்லாம் மருந்து தூவ ஆள் எடுத்தபோது சேர்ந்தது. பச்சைப் பொடியில் ஒரு கரண்டி, சலித்த தெருப்புழுதியில் நூறு கரண்டி. கலந்து ஊதினால் கொசுப்புழு செத்துவிடும். தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு, உயிரோடு எத்தனை புழு என்று எண்ணிச் சொல்வது அவன் வேலை. அவன் எண்ணினால் வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் மறுபடி எண்ணுவதில்லை. ஊர்ச் சனங்கள் குட்டையைச் சுற்றி நின்று கேட்பார்கள். ஓவசியர் ஒவ்வொரு ஊரிலும் ஒரே பதிலைச் சொல்வார்: மீனுக்கு ஒன்றும் ஆகாது, மாட்டுக்கு ஒன்றும் ஆகாது, மனிதனுக்கு ஒன்றும் ஆகாது. அவர் வராத நாட்களில் சின்னராசா சொல்வான். ஒரு வருடத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பான்? அவனை விசாரித்திருந்தால் ஏறக்குறைய சரியாகச் சொல்லியிருப்பான்.

பொடி வந்த பீப்பாயின் மேல் மண்டையோட்டுப் படம் இருந்தது. அதைப் பற்றியும் அவன் கேட்டிருக்கிறான். "ஒங்கள மாதிரி ஆளுக களவெடுக்காம இருக்கத்தான்" என்று ஓவசியர் சிரித்தார். அவனும் சிரித்தான்.

நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கு அவனுக்கு மனப்பாடம். அண்ணனுக்கு அவன் கொண்டுவந்தது ஒரு பிஸ்கட் டின் நிறையப் புழுதி கலக்காத பொடி. கொண்டுவந்த அன்று அந்தக் கணக்கு அவன் நினைவுக்கே வரவில்லை. வந்து, அவன்தான் தள்ளிவிட்டானோ?

குப்பாயி அதைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினாள். காளியப்பன் வெளியே வந்தபோது தோட்டமே ஓடிவந்து பார்த்தது. கிளியின் முதுகு மாதிரி ஒரு பச்சை. வேர்வை அதன் மேல் முத்துமுத்தாக நின்றது, கரைக்கவில்லை. ஆறு நாள் காலை ஆறு தடவை பூசினாள். மூன்றாம் நாள் அக்குளில் புண் வந்தது. வேர்க்குரு என்றார். நாலாம் நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள், "பூண்டே திங்கல, வாயெல்லாம் பூண்டு வாடை அடிக்குது" என்று குப்பாயி சொன்னாள். பிணத்தின் காதைத் துடைத்துக்கொண்டே சின்னராசா இவற்றை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தான். அடுக்கினால் ஏதோ வந்து நிற்கும் போலிருந்தது. கலைத்துவிட்டு மறுபடி பொச்சை எடுத்தான்.

பத்து மணிக்கு பலீல் வந்தார். பின்னால் அண்ணனோடு கரி சுமக்கும் கூட்டத்து ஆட்கள் ஐந்து பேர். பலீல் பிணத்தைப் பார்த்ததும் தொப்பியைச் சரிசெய்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டது நடிப்பல்ல என்று சின்னராசாவுக்குத் தெரிந்தது.

"தங்கச்சி, பொட்டி, பேண்டு வாத்தியம் எல்லாம் நான் பார்த்துக்கொள்றன்" என்று குப்பாயியிடம் சொன்னார். "ஆனா அவனெ சும்மா கொண்டு போகப்படா. சந்தியெல்லாம் அவனுக்காகக் காத்துக்கொண்டு ஈக்கி. தூக்குற அஞ்சு பேரும் அவனெ மாதிரியே பச்சையில வரட்டும். கொழும்பில இப்பிடி ஒரு மையித்து போயே ஈக்காது."

குப்பாயி காளியப்பனின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அவருக்குக் கூட்டம்னா புடிக்கும்" என்றாள்.

"பொடி முடிஞ்சிருச்சு நானா." சின்னராசா பலீலிடம் இதை ஏன் சொன்னான் என்று அவனுக்கே பிடிபடவில்லை.

"எங்க முடிஞ்ச? நான் கொண்டுபோன அரை டின் அச்சகத்தில ஈக்கி. எண்ணெயும் வாங்கியாச்சு."

ஐவரில் ஒருவனான சங்கிலி அவன் தோளில் தட்டினான். "தம்பிக்காரன் நீயும் வந்து பூசிக்கடா. கறுப்பாப் போனேன்னா ஒங்கண்ணன் எந்திரிச்சு ஏன்னு கேப்பான்."

அவர்கள் போய் ஒரு மணி நேரம் கழித்து, பக்கத்து அறைப் பழனியம்மாவின் சத்தம் கேட்டது. அவளுடைய சிவப்புப் பெட்டைக்கோழி கான் ஓரத்தில் கழுத்தைத் திருகிக்கொண்டு கிடந்தது. கால்கள் இரண்டும் இழுத்து இழுத்து நின்றன.

"காலையில முட்டயிட்ட கோழி! ஒங்க பச்சத் தண்ணியக் குடிச்சுத்தான் இப்பிடி ஆச்சு. எங்கோழி என்னா பாவம் பண்ணுச்சு, அது வோட்டா போடப் போகுது?"

"எழவு வீடு, சத்தம் போடாத பழனியம்மா" என்று யாரோ அதட்டினார்கள்.

சின்னராசா கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றான். நேற்று மாலை அண்ணனின் கால்கள் அதே மாதிரிதான் இழுத்தன. அடுக்கிக் கலைத்தவை எல்லாம் தாமாக வரிசையில் வந்து நின்றுகொண்டன. கோழி அடங்கியதும் அவன் ஓடத் தொடங்கினான். ஜிந்துப்பிட்டியிலிருந்து அச்சகம் வரை எங்கும் நிற்கவில்லை.

அச்சகத்தின் பின்பக்கம் ஐந்து பேரும் பெனியனைக் கழற்றிவிட்டு ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு எனாமல் பேசினில் பொடி குழைத்தாகிவிட்டது. சங்கிலியின் இடது கையில் முழங்கை வரை பச்சை.

"பூசாதீங்க."

"ஏன்டா, ஒங்கண்ணன விட அழகா இருக்கனா?" என்றான் சங்கிலி. மற்றவர்கள் இழவு நாள் என்பதை மறந்து சிரித்தார்கள்.

"அது டிப்போ சாமான். தேடுறாங்க. திருப்பிக் குடுக்கணும்."

"இந்த அவசரத்தில ஆரு தேடுற?" பலீல் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "மிச்சத்தெ நாளைக்கிக் குடு."

"நானா, கொஞ்சம் உள்ளுக்கு வாங்க."

எழுத்துக் கோர்க்கும் அறையில் அவர்கள் இருவர் மட்டும் நின்றார்கள். என்ன வார்த்தையில் தொடங்குவது என்று சின்னராசா தேடினான்.

"பழனியம்மா கோழி செத்துப்போச்சு நானா."

"அதுக்கு நான் என்னத்தெ செய்ய?"

"அண்ணனக் கழுவுன தண்ணியக் குடிச்சிச்சு."

பலீல் அவனைப் பார்த்தார். பிறகு தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஆறு நாளும் அந்தக் கையால்தான் காளியப்பனின் முதுகில் தட்டி அனுப்பினார். வெளியே அச்சியந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் வெளியே போனார். "சட்டையெப் போடுங்க. பச்சச் சட்டையே போதும். உடம்பெக் காட்டினா நல்லாயில்லேன்டு புரொக்டர் ஐயா செல்லி அனுப்பியிருக்கார்." சங்கிலியின் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப்போனது சின்னராசா. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை மூன்று தடவை தேய்த்தான்.

"மெதுவாடா. புதுப் பொண்டாட்டி மாதிரி தேய்க்கிற."

திரும்பி வந்தபோது பலீல் டின்னை மூடி, கடதாசியில் சுற்றி வைத்திருந்தார். குரலைத் தாழ்த்தினார். "கேளு தம்பி. நாளைக்கி அஞ்சு மணி மட்டும். வோட்டு முடியட்டும். அதுக்குப் பொறகு நீ என்ன வேணுமென்டாலும் செல்லு."

"செத்தது எங்கண்ணன் நானா."

"விளங்குது. நீ பொலிஸுக்குப் போனா மொதல்ல ஒன்னத்தான் புடிப்பான், களவெடுத்த சாமான். அடுத்தது ஆரெத் தேடுவான்? ஒவ்வொரு நாளும் காலையில பூசிவிட்டது ஆரு?"

சின்னராசா கடதாசியில் சுற்றிய டின்னைப் பார்த்தான்.

"ஒன்ட மதினிதானே" என்றார் பலீல். அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. அப்போதுதான் அவருக்கும் அது தோன்றியது போலச் சொன்னார். டின்னை அவன் கையில் கொடுத்தார்.

மூன்று மணிக்குச் சவப்பெட்டி வந்தது. உடம்பைக் கிடத்தி, வேட்டியைச் சரிசெய்த பிறகு, சின்னராசா கடதாசிப் பொட்டலத்தை அண்ணனின் கால்மாட்டில் வைத்தான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தான். நிமிர்ந்தபோது எதிரே குப்பாயி நின்றாள்.

"டின்னா?"

"ஆமாண்ணி."

அவள் குனிந்து, வேட்டி நுனியை இழுத்து அதை மூடினாள். "அவரோடயே போகட்டும்." அவள் குரலிலிருந்து அவனால் எதையும் எண்ணி எடுக்க முடியவில்லை.

ஊர்வலம் பலீல் சொன்னபடியே நடந்தது. முன்னால் பேண்டு வாத்தியம், ஐந்து பச்சைச் சட்டைகள், பச்சைக் கொடிகள். ஆமர் வீதிச் சந்தியில் பெட்டியைத் தண்டவாளத்தின் நடுவே இறக்கி வைத்தார்கள். டிராம் வந்து நின்றது, மணி அடிக்கவில்லை. சாரதி தொப்பியைக் கழற்றினான். இத்தனை நாளும் அண்ணனைத் திட்டித் தீர்த்த அதே சாரதி. கூட்டத்தில் ஒருவன், "டிராம் அடிச்சா செத்தான்?" என்று கேட்டான். "இல்ல. சிவப்புக்காரனுக கள்ளுல ஏதோ கலந்து குடுத்திட்டானுக" என்றான் இன்னொருவன். அந்தப் பேச்சு வரிசையாகப் பின்னுக்குப் போவது காதில் விழுந்தது. முன்னால் நடந்த பலீலும் அதைக் கேட்டிருக்க வேண்டும். அவர் திரும்பவில்லை. சின்னராசா வாயைத் திறந்தான். அந்த நேரம் யாரோ "பச்சைப் பெட்டிக்கே" என்று கத்த, முந்நூறு குரல்கள் சேர்ந்துகொண்டன.

மாதம்பிட்டி மயானத்தில் முதல் பிடி மண்ணை அவன் போட்டான். டின் இருக்கும் கால்பக்கம் விழுந்த மண்ணின் சத்தம் மட்டும் வேறு மாதிரிக் கேட்டது. கேட்டதா, அவனாக நினைத்துக்கொண்டானா என்று தெரியவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணியிடம் சொல்ல ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தான். பொடி என்னுடையது, தப்பு என்னுடையது, நீங்கள் பூசத்தான் பூசினீர்கள். கடைசிப் பகுதி ஒவ்வொரு தடவையும் இடித்தது. அதை எடுத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தான். எடுத்தாலும் அது அங்கேயே இருந்தது.

அவன் குளித்துவிட்டு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. இழவு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பழனியம்மா ஒரு சட்டியில் சோறும் பருப்பும் கொண்டுவந்து வைத்தாள். "காலையில கோழிக்காக வாய விட்டுட்டேன், மனசுல வைக்காதீங்க. புள்ளைக்காவது குடுங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள்.

குப்பாயி தட்டில் சோற்றைப் போட்டாள். நாலு வயது மகள் இராமலெட்சுமி தட்டுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பருப்பை ஊற்றிப் பிசைவதற்குக் குப்பாயி வலது கையை நீட்டினாள். நகக்கண்களில் பச்சை இருந்தது.

"அண்ணி, கையக் கழுவுங்க."

"தலமுழுகிட்டுத்தான வந்தேன்."

"நகத்துல இருக்கு."

அவள் கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தாள்.

அவன் பேசினில் தண்ணீரும் சவுக்காரமும் கொண்டுவந்தான். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினான். அவளுடைய கையைப் பிடித்து, சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொரு நகமாகக் கிண்டினான். அவள் கை சில்லென்று இருந்தது.

"அந்தக் கோழி எப்பச் செத்துச்சு?"

"பதினோரு மணிக்கு."

"நம்ம தண்ணியக் குடிச்சா?"

ஈர்க்கு நின்றது. "ஆமாண்ணி."

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அடுத்த விரலை நீட்டினாள். அவன் அதைக் கிண்டினான். ஐந்து முடிந்து அவள் இடது கையைக் கொடுத்தாள்.

"அண்ணி, அந்தப் பொடிய நாந்தான..."

"இந்த விரல்ல இன்னும் இருக்கு பாரு" என்றாள் அவள்.

பத்தும் முடிந்தது. குப்பாயி பேசினைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். வழக்கமாகத் தண்ணீர் கொட்டும் கானைத் தாண்டி, மதிலோரம் போய்க் குந்தினாள். அலவாங்குக் கம்பியால் மண்ணைக் குத்தி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டினாள். தண்ணீரை அதற்குள் சிந்தாமல் ஊற்றி, மண்ணைத் தள்ளி மிதித்தாள். பிறகு ஒரு உடைந்த செங்கல்லைத் தேடி எடுத்து அதன்மேல் வைத்தாள். மேய்ந்துகொண்டு வந்த யாரோ ஒருவருடைய கோழிக்குஞ்சைக் கையை வீசி விரட்டினாள். குழாயடியில் நின்று மறுபடியும் கையைக் கழுவினாள், வெகுநேரம்.

வந்து உட்கார்ந்தவள் தட்டைத் தொடவில்லை.

"நீ ஊட்டு தம்பி."

சின்னராசா தட்டை இழுத்தான். கையை நீட்டும்போதுதான் தன் நகங்களைப் பார்த்தான். காலை முழுக்கக் கழுவிய கை. கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் மெல்லிய பச்சைக் கோடு. நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

இராமலெட்சுமி அம்மாவைப் பார்த்தாள். சித்தப்பாவைப் பார்த்தாள். யாரும் வராததால் தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஐந்து விரலையும் சோற்றுக்குள் விட்டாள். முதல் பிடி மடியில் கொட்டியது. இரண்டாவது பாதி வாய்க்குப் போனது. ஈரக் கைகளை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தட்டு காலியாகும் வரை அவர்கள் இருவரும் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.